ஸ்ப்ரே பாட்டில் மேல் போட்ட பழி

சலூன்காரருக்கு அறுபத்தெட்டு வயது. கத்தி பிடித்த கை இன்றுவரை நடுங்கியதில்லை. தகராறெல்லாம் இடுப்புக்குக் கீழேதான். சிறுநீர் வரப்போகிறது என்று தெரியும்போதே வந்துவிடும்; நடுவில் யோசிக்க நேரமே கிடையாது. அதிலும் வந்தவர் தலையில் ஸ்ப்ரே பாட்டிலைப் புஸ் புஸ்ஸென்று அடித்தால் போதும், அந்தச் சத்தத்துக்கே இவருக்குள் குழாய் திறந்துகொள்ளும்.

மனிதர் சும்மா இருப்பாரா? நனைந்த மறுநொடி பாட்டிலைத் தன் பக்கம் திருப்பி, பேன்ட் முழுக்க அடித்துக்கொள்வார். சனியன் பிடித்த பாட்டில், எப்போது பார்த்தாலும் ஒழுகுகிறது என்று திட்டுவார். ஆறு மாதம் இந்த நாடகம் ஓடியது. கூடவே பகலில் தண்ணீர் குடிப்பதை ஒரு டம்ளராகக் குறைத்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்கு. நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு நல்லவர் வந்து கெடுத்தார். முப்பது வருடமாக அங்கேயே முடி வெட்டிக்கொள்ளும் ஓய்வுபெற்ற வாத்தியார், பாவம் பார்த்து, சொட்டுக்கூட ஒழுகாத புதுப் பாட்டில் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை சலூன்காரர் வீட்டுக்கு வந்து, முட்டி வலி தாங்கவில்லை, கடையை மூடிவிடப் போகிறேன் என்றார். பதினாறு வயதில் பிடித்த கத்தி. அதை விட்டால் வீட்டில் உட்கார்ந்து சுவரைத்தான் பார்க்க வேண்டும். மனைவி அழுக்குக் கூடையிலிருந்து பேன்ட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"முட்டியில இருந்து வர்ற வாசனையா இது?"

அவர் பாட்டில் கதையை ஆரம்பித்தார்.

"நாப்பது வருஷமா துவைக்கிறேன். தண்ணி எது, மத்தது எதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் தும்மினா இதே கதிதான். அதுக்காக அடுப்படியை இழுத்து மூடிட்டேனா?"

மறுநாள் டாக்டரம்மா சோதித்துவிட்டு, புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்று மாத்திரை எழுதினார். தண்ணீரைக் குறைத்ததற்குத் தனியாக ஒரு திட்டு விழுந்தது. சிறுநீர் கெட்டியானால் பை எரிச்சல்பட்டு இன்னும் விரட்டுமாம். டீயைத்தான் குறைக்க வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம், வந்தாலும் வராவிட்டாலும், போய்வர வேண்டும். ஒருவருக்கு ஷேவிங் பாதியில் இருக்கும்போது தனக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார் இவர். சொல்லிவிட்டுப் போங்கள் என்றார் டாக்டரம்மா. மாத்திரையைவிட அதுதான் கசந்தது. பாதி முகத்தோடு விட்டுவிட்டு ஓடுகிறவன் கடைக்கு எவன் வருவான்?

நாலாம் நாள் வாத்தியார் வந்தார். ஒரு கன்னம் முடிந்தது, மறு கன்னத்தில் நுரை. அப்போது பிடித்தது அவசரம். பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்தார்.

"ஐயா, எனக்கு மூத்திரத் தொந்தரவு. அடக்க முடியலை. போயிட்டு வந்து மீதியைச் செய்யறேன்."

வாத்தியார் துண்டோடும் நுரையோடும் எழுந்து நின்றார்.

"அப்ப நான் முதல்ல போயிட்டு வந்துடறேனே. நீங்க சோப்பு போட ஆரம்பிச்சதுல இருந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"வரிசையில வாங்க" என்று சொல்லிவிட்டுச் சலூன்காரர் பின்பக்கம் ஓடினார்.