ஆம்பூரில் நான் சொன்ன பொய்

காலை ஏழே முக்காலுக்குச் சென்னை சென்ட்ரலிலிருந்து வண்டி நகர்ந்தது. ஆம்பூர் வரை சுமார் நூற்றெண்பது கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பு இருக்கைக்குத் தொண்ணூறு ரூபாய். சென்னையில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் நவீன மொழிகளும் சேர்ந்த எம்.ஏ. படிப்பில் அப்போது இரண்டாம் ஆண்டில் இருந்தேன். ஜெர்மன் மொழியை நான்கு வருடமாகப் படித்திருந்தும், ஒரு ஜெர்மானியரிடமும் நேரில் பேசியதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு ஜெர்மனியில் அதன் ஷூக்களை வாங்கும் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் பார்வையிட வருகிறார், வழக்கமாக வரும் மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லை என்று துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "உனக்கு நல்ல அனுபவம்மா. போய்ட்டு வா. சர்டிபிகேட்டும் தருவாங்க." அன்றிரவு நான் தூங்கவில்லை. தொழிற்சாலைச் சொற்களாக நாற்பது பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன்.

ஒன்பதரை மணிக்குக் காட்பாடி. பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல் மட்டும் வெயிலில் பளபளத்தது. எதிர் இருக்கையில் குடியாத்தத்துக்குப் போகிற ஓர் அம்மா லுங்கிக் கட்டுகளைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நோட்டை எட்டிப் பார்த்து, "இன்னா பாஷைமா அது?" என்றார். சொன்னேன். "அத்தப் பேசறதுக்கா அவ்ளோ தூரம் போற? நம்ம பேசறத எவனும் கேக்கமாட்டேன்றான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பெருமையில் மிதந்துகொண்டிருந்தவளுக்கு அந்தப் பேச்சு உறைக்கவில்லை.

பத்தரைக்கு ஆம்பூர். இறங்கியதும் தோல் வாடை. மழைக்கால ஈரத் துணியும் ரசாயனமும் கலந்தது போல இருந்த அந்த வாடை ஐந்து நிமிடத்தில் மூக்குக்குப் பழகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் பழகுகிறதே என்று எனக்கு முதல் எரிச்சல் வந்தது அப்போதுதான். பேரணாம்பட்டு சாலையில் இருந்த கம்பெனிக்கு ஆட்டோக்காரர் நூற்றிருபது ரூபாய் கேட்டார். "ஜாஸ்தி இல்லமா, ரோடு அப்படி" என்றார். ரோடு அப்படித்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு மேனேஜர் தன் அறையில் காபி கொடுத்தார். நல்ல சட்டை, மென்மையான குரல். "அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். லேபர்கிட்ட நேரா பேசணும்னு அடம்பிடிக்கிறாங்க. நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. லேபர் ஏதாவது ஏடாகூடமா சொன்னா, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. ரெண்டாயிரம் குடும்பத்துக்கு இதான் சோறு."

தலையாட்டினேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மொழிபெயர்ப்பில் சொல்லுக்கு விசுவாசமா, பொருளுக்கு விசுவாசமா என்று வகுப்பில் இரண்டு செமஸ்டர் வாதாடியவள் நான்.

பதினொன்றரைக்கு உர்சுலா அம்மையார் வந்தார். அறுபது வயதிருக்கும், ஆண்களைப் போல வெட்டிய நரைமுடி. என் ஜெர்மனைக் கேட்டுப் பாராட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. தையல் பகுதியைக் கடந்து, ஷூவின் மேல்பாகத்துக்குப் பசை தடவும் மேசைகளுக்குப் போனோம். சொல்யூஷன் என்று அங்கே சொல்கிற அந்தப் பசையின் நெடியில் கண் கரித்தது. தலைக்கு மேல் புத்தம்புதுக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மையார் ஒரு மேசை முன்னால் நின்றார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அடையாள அட்டையில் சாந்தி என்று இருந்தது. இந்த நெடி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கச் சொன்னார் அம்மையார். கேட்டேன்.

சாந்தி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "மத்தியானம் ஆனா தலை சுத்தும்மா. போன வாரம் பக்கத்து டேபிள் பொண்ணு மயங்கி உழுந்துச்சு. காத்தாடி மூணு மாசமா ரிப்பேர். நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் புதுசு மாட்டினாங்க."

மேனேஜர் என் தோளுக்குப் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார்.

"அல்லெஸ் ஓகே" என்றேன். எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று ஜெர்மனில் அழகாக, இலக்கணப் பிழையில்லாமல் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தேன்.

சாந்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அம்மையார் பக்கம் திரும்பி, நிதானமான ஆங்கிலத்தில், ஓகே இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்றார்.

"அக்கா, நீங்க..." என்று இழுத்தேன்.

"பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர். சர்ச் காலேஜ்லதான் படிச்சேன்" என்றார். "நீ பேசின பாஷை புரியல. ஓகே புரியாதா இன்னா?"

ஆங்கிலம் தெரிந்த பெண் அந்த மேசையிலேயே நின்றிருக்க, நூற்றெண்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து என்னை வரவழைத்தது ஏன் என்று அந்த நிமிடம் புரிந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஜெர்மன் மட்டும் அல்ல. சொன்னதைச் சொல்லாமல் விடுகிற ஒரு வாய். அந்த வாய் கைக்கு அடக்கமாக, படித்ததாக, சர்டிபிகேட்டுக்கு ஆசைப்படுவதாக இருந்தால் போதும்.

உண்மையில் இவர் என்னதான் சொன்னார் என்று அம்மையார் என்னிடம் கேட்டார். குரலில் இப்போது பாராட்டு இல்லை.

நான் சாந்தியைப் பார்த்தேன். "சொல்லட்டுமாக்கா? உங்களுக்குத் தொந்தரவு வரும்."

"வரட்டும். அப்படியே சொல்லு. கம்மி பண்ணாத."

நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன். தலைசுற்றல், மயங்கி விழுந்த பெண், மூன்று மாதம், நேற்று மாட்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜெர்மனில் காற்றாடிக்கு வென்டிலாட்டோர் என்று பெயர். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே மேனேஜருக்கு விளங்கிவிட்டது. "போதும், வெளிய வாங்க" என்றார். அம்மையார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பக்கத்து மேசைகளிலும் பிரஷ்கள் நின்றன. இன்னும் மூன்று பெண்கள் பேசினார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்களைச் சொல்லாதே என்று அம்மையாரே என்னை எச்சரித்தார். நாற்பது பக்கச் சொற்களில் மயக்கத்துக்கு வார்த்தை இல்லை; கையால் காட்டினேன்.

ஒன்றரை மணிக்கு வாசலில் நின்றேன். சாப்பாடு இல்லை, திரும்பிப் போக வண்டியும் இல்லை. காவலாளி வெளிக்கதவைத் திறந்துவிட்டு, "நல்லா பேஜார் பண்ணிட்டியேமா" என்றார். திட்டினாரா, மெச்சினாரா, தெரியவில்லை.

இரண்டேகாலுக்கு ஆம்பூர் நடைமேடையில் துறைத்தலைவரின் போன் வந்தது. "யுனிவர்சிட்டி பேரையே கெடுத்துட்டியே. சொன்னதைச் செய்யக் கூடாதா?"

"செஞ்சேன் மேடம். முதல்ல அதைத்தான் செஞ்சேன். அதான் தப்பு" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். சர்டிபிகேட் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து, நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த எண்ணுக்குச் சாந்தி அக்கா பேசினார். நெடியை வெளியே இழுக்கும் பெரிய காற்றாடிகளை மாட்டிவிட்டார்களாம். அவரை மட்டும் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம். "வேலைய விட்டுத் தூக்கல, அதுவரைக்கும் சரி. அந்தம்மா மறுபடி வருவாங்கன்னு மேனேஜருக்குப் பயம் இருக்குது" என்றார். பிறகு, "முதல்ல ஏன்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். கோபமில்லாமல் கேட்டார்.

என் ஊர் தூத்துக்குடி. அங்கே இறால் உரிக்கிற கம்பெனிகளில் என் அத்தைகள் இரண்டு பேர் பனிக்கட்டித் தண்ணீரில் கைவிட்டு வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் புதுக் கையுறை கொடுப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நாட்களில் அவர்கள் பக்கத்தில் நின்று, நல்ல படிப்புப் படித்த யாரோ ஒருத்தி, அவர்கள் சொன்னதை என்னவென்று மாற்றிச் சொல்லியிருப்பாள்? விடுமுறைக்குப் போனதும் அத்தைகளிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். "யாருக்குத் தெரியும் பிள்ளே, நாங்க சொன்னத அவ சிரிச்சுக்கிட்டேதான் அவங்ககிட்ட சொன்னா" என்றார்கள்.