பதினோராம் நம்பர் வீட்டுச் சூளை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் பொதுக்கூட்டம். அஜெண்டாவில் ஐந்தாவது விஷயம் - 'பதினோராம் நம்பர் வீட்டின் பின்பக்க ஷெட்டில் இருக்கும் பட்டி பற்றி'.

பதினோராம் நம்பர் வீடு என்னுடையது.

புனேயை ஒட்டிய இந்தச் சாங்வியில் பட்டி என்றால் உலை. இரும்பு காய்ச்சும் உலையும் பட்டி, செங்கல் சூளையும் பட்டி. திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிற இடத்துக்கும் அதே பெயர்தான். நோட்டீஸ் போர்டில் இதைப் படித்துவிட்டுப் பின்வரிசை வீட்டுப் பெண்கள் இரண்டு நாளாக என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இருபத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், ஐம்பது வயதில் சாங்வியில் சாராயம் காய்ச்சுகிறாள்... கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

நான் காய்ச்சவில்லை. சுடுகிறேன். மண் கோப்பை, மண் தட்டு, மண் ஜாடி. அதற்குத்தான் மின்சாரச் சூளை.

இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2000 பிறந்ததை ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியது. எனக்கு அந்த ஜனவரியில்தான் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்று நினைத்தேன். கஷாயம், ஆவி, பாலில் மஞ்சள்... எதற்கும் மசியவில்லை. வகுப்பில் அறுபது பேர், ஜன்னலுக்கு வெளியே பஸ் ரோடு. இரண்டையும் மீறிக் கத்தித்தான் இத்தனை வருஷமும் அல்ஜீப்ரா நடத்தியிருக்கிறேன். புனே கேம்ப் பகுதியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் கட்டி என்றார். ஆபரேஷன் ஆயிற்று. மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உத்தரவு.

புனேயிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் நித்யாவுக்குத் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். நான் வாயைத் திறக்கப் போனாலே ஒரு சிலேட்டை நீட்டுவாள். "அம்மா, நீ போல்னா நஹி. இதுல லிக்கிக் காட்டு." பேசக் கூடாதாம், எழுதிக் காட்ட வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் நான் போட்ட அதிகாரத்தை எல்லாம் வீட்டில் அவள் வசூலித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துக் குரல் வந்தது. ஆனால் அது என்னுடையது இல்லை. பாதி காற்று, பாதி கரகரப்பு. நாலு வாக்கியத்துக்கு மேல் போனால் அதுவும் நின்றுவிடும். பிரின்ஸிபால் நல்லவர், என்னை லைப்ரரிக்கு மாற்றினார். அங்கே பிள்ளைகள் சத்தம் போட்டால் 'உஷ்' சொல்லக்கூட என்னால் முடியவில்லை. ஒரு பருவம் பார்த்தேன். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை - ரெஸ்ட். ரெஸ்ட் எடுங்க. சீரியல் பாருங்க. கோயிலுக்குப் போங்க. நாள் முழுக்க ஓய்வெடுப்பதும் ஒரு வேலையா என்ன? நாற்பத்தாறு வயதில் என்னைப் பத்திரமாகத் துடைத்து ஷோகேஸில் வைத்துவிடப் பார்த்தார்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்த போர்டு கண்ணில் பட்டது. ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் மண்பாண்ட வகுப்பு. நடத்தியவர் ரோஷன் என்கிற பார்ஸிப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். உள்ளே போனேன். ஆறு பேர் ஆறு சக்கரங்களின் முன்னால் குனிந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் நாள் மண் என் கையில் நிற்கவே இல்லை. சக்கரத்தின் நடுவில் வைத்தால் ஓரத்துக்கு ஓடியது. அமுக்கினால் பிய்த்துக்கொண்டு சுவரில் அடித்தது. ரோஷன் அருகில் வந்து, "டீச்சர், உங்க கை கத்துது. கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மண் நடுவில் நிற்க இரண்டு மாதம் ஆயிற்று. ஒழுங்கான ஒரு கோப்பை வர நாலு மாதம்.

இரண்டு வருஷம் போனேன். அப்புறம் ரோஷன் கல்யாணமாகி கனடாவுக்குக் கிளம்பினார். வகுப்பை மூடினார். "ஒரு சக்கரத்தை நீங்க எடுத்துட்டுப் போங்க. நிறுத்தினீங்கன்னா கை மறந்துடும்" என்றார். சக்கரம் டெம்போவில் ஏறி சாங்விக்கு வந்து சேர்ந்தது.

வந்ததை எங்கே வைப்பது? வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் உண்டு. அதில் ஓடாத ஏர்கூலர், நித்யாவின் சின்ன சைக்கிள், ஏழெட்டு வருஷத்துப் பேப்பர். எல்லாவற்றுக்கும் நடுவே என் கணவர் தாமோதரனின் முதல் ஸ்கூட்டர்.

"அது ஓடும், வசந்தா" என்றார்.

"எப்ப?"

"கார்புரேட்டர் கிடைச்சா."

"எத்தனை வருஷமா தேடறீங்க?"

டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கிறவர், எந்த ஃபைலையும் சட்டென்று மூட மாட்டார். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு காலையில் அவரே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் மாடிப்படியின் கீழ் நிறுத்திவிட்டு, பழைய பேப்பரைக் கட்ட ஆரம்பித்தார். டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஷெட்டுக்கு வெள்ளை அடித்தோம். தரைக்கு சிமெண்ட் போட்டோம். புகை, வாசனை தங்காமல் இருக்க எதிரெதிரே இரண்டு ஜன்னல் வைத்தோம். செய்தி வேலூர் வரை போய்விட்டது. என் அண்ணன் போன் பண்ணினார்.

"ஏம்மா, நம்ம குடும்பத்துல யாரும் சட்டி பானை செஞ்சதில்லையே. நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?"

"இப்ப ஒருத்தி செய்யறான்னு சொல்லு" என்றேன். அன்றைக்கு அந்த வாக்கியம் வரை குரல் தாங்கியது. நாம் சாப்பிடுகிற சோறு யாரோ செய்த பாத்திரத்தில்தானே வேகிறது? செய்கிறவர்களை மட்டும் ஏன் ஒரு படி இறக்கி வைக்கிறோம்? அண்ணனிடம் இதையும் கேட்டிருப்பேன். மூச்சு இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

அடுத்தது சூளை. பிம்ப்ரியில் தொழிற்சாலைகளுக்கு உலை செய்து தருகிற சின்னப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பெனி பேர் என்ன மேடம்?"

"கம்பெனி இல்ல. வீட்டுக்கு."

"இது ஃபேக்டரி சாமான். உங்க சாஹேபை அனுப்புங்க, அவர்கிட்ட பேசறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்த முடியாதே. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து அவர் மேஜையில் விரித்தேன். உள்ளளவு, வெளியளவு, செங்கல் கனம், கம்பிச்சுருள் வரிசை - எல்லாம் ஸ்கேல் வைத்து நானே போட்டது. எதிரில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்து போகிற எண்ணமில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். "கதவு இந்தப் பக்கம் திறந்தா உங்க கை சுடும்" என்று ஒரே ஒரு கோட்டை மாற்றினார். சாஹேபைப் பற்றி அப்புறம் விசாரிக்கவே இல்லை.

மின்வாரியத்தில் விண்ணப்பித்துத் தனி இணைப்பு வாங்கினோம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாளி மணலும் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் வைத்தேன். முதல் சூட்டுக்குத் தயாரான வாரத்தில்தான் நோட்டீஸ் போர்டில் அந்த ஐந்தாவது விஷயம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கணவர் கேட்டார். "நீ எழுதிக் குடு, நான் படிச்சிடறேன். எதுக்குத் தொண்டையைக் கஷ்டப்படுத்தற?"

அன்பாகத்தான் கேட்டார். "என் சூளை. நான்தான் பேசுவேன்" என்றேன்.

சொசைட்டி ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். நாலு மின்விசிறி சுற்றியது, குழந்தைகள் ஓடின. செக்ரெட்டரி குல்கர்ணி எழுந்தார். தீ ஆபத்து, மின்சார லோடு, சுற்றுச்சூழல் என்று மராத்தியில் சரளமாகப் பத்து நிமிஷம். கடைசியாக என் பக்கம் திரும்பி, "மேடத்துக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? நிம்மதியா ஆராம் பண்ணட்டும்" என்றார். அதே ரெஸ்ட்தான், இந்த முறை மராத்தியில். பலர் தலையாட்டினார்கள். தீ, லோடு எல்லாம் சும்மா. அவர் சொல்ல வந்தது இதைத்தான் என்று எனக்குப் பட்டது.

எழுந்தேன். வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"ஜரா ஜோர் ஸே, மேடம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டுமாம். இரண்டு பேர் சிரித்தார்கள். என் கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

அறுபது பிள்ளைகளை அடக்க ஒரு வழி உண்டு, டீச்சர்களுக்குத் தெரியும். கத்தக் கூடாது. நேரே நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, சும்மா நிற்க வேண்டும். நின்றேன். முதல் வரிசை அடங்கியது. அடுத்த வரிசை. பின்வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து போய் மின்விசிறிகளை அணைத்தாள். ஹாலில் அப்படி ஓர் அமைதி.

அந்த அமைதியில் என் குரல் போதுமானதாக இருந்தது.

"இது சாராயம் இல்லை, பாத்திரம்" என்றேன். மின்வாரியத்தின் காகிதத்தைக் காட்டினேன். நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மணல், சிலிண்டர், ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை எந்த விதி தடுக்கிறது? காட்டுங்கள், நிறுத்துகிறேன்." குல்கர்ணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "நம் சொசைட்டியில் வீட்டுக்குள்ளேயே டியூஷன் நடக்கிறது, பார்லர் நடக்கிறது, அப்பளம் போடுகிறார்கள். எல்லாமே நல்ல வேலைகள். என் வேலையும் அப்படித்தான். அப்புறம்... எனக்குப் போனது குரல் மட்டும்தான். கை இருக்கிறது. ஆராம் எப்போது வேண்டும் என்று நானே சொல்கிறேன்."

கடைசி வார்த்தைகள் யாருக்காவது கேட்டதா என்று தெரியாது. உட்கார்ந்துவிட்டேன்.

கை தூக்கச் சொன்னார்கள். ஷெட் இருக்கட்டும் என்றவர்கள் மூன்று பேர் அதிகம். என் கணவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு வீட்டுக்கு ஒரு கைதான் என்று குல்கர்ணி அதைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு நிபந்தனையும் போட்டார்கள் - சூளையில் சுடும் நாளை முன்கூட்டியே போர்டில் எழுத வேண்டும். நியாயம்தானே. ஒத்துக்கொண்டேன்.

வெற்றி என்று எழுதிவிட்டு முடித்திருப்பேன். உங்களிடம் பொய் சொல்ல முடியாதே. கூட்டம் முடிந்து சுட்ட அந்த முதல் சூட்டில் ஒரு தவறு செய்தேன். ஜெயித்த வேகத்தில், இன்னும் இரண்டு நாள் காய வேண்டிய ஜாடிகளையும் உள்ளே அடுக்கிவிட்டேன். உள்ளே ஈரம் இருந்தால் மண் வெடிக்கும் என்பது முதல் வகுப்பிலேயே படித்த பாடம். மறுநாள் சூளை ஆறியதும் திறந்தேன். மூன்று ஜாடி சுக்குநூறு. சிதறிய துண்டுகள் பட்டுப் பக்கத்திலிருந்த தட்டுகளும் போச்சு. வீம்புக்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை. அது காய்கிறபோதுதான் காயும்.

ஒன்பது கோப்பை தப்பித்தன. பார்க்க வந்த பின்வரிசைப் பெண்கள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இவ்வளவுதானா?" என்று ஒருத்திக்கு ஏமாற்றம். இவ்வளவுதான்.

நேற்று அடுத்த சூட்டுக்கான அறிவிப்பை போர்டில் ஒட்டினேன். மராத்தியில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி, நாளும் நேரமும். கீழே எனக்காகத் தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: 'பாத்திரம் செய்கிறேன். நிறுத்தும் உத்தேசம் இல்லை.' எங்கள் சொசைட்டியில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவர் என் கணவர்தான். ஆபீஸிலிருந்து வந்தவர் போர்டின் முன்னால் நின்று நிதானமாகப் படித்தார்.

"இதை மராத்தியிலயே எழுதியிருக்கலாமே" என்றார்.

அப்போதே அதன் கீழேயே மராத்தியிலும் எழுதிவிட்டேன்.