மயிலரசியை நாலு பக்கமும் படம் எடுத்தவன்

மயிலரசி பஸ்ஸின் கண்டக்டர் உடையப்பனோடு சந்தேகமும் ரெட்டைப் பிள்ளையாகக் கூடவே பிறந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாராம். கல்யாணத்தன்று மணவறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பொற்கொடியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க ஏறுனீங்க?" என்று கேட்டார். அந்த அம்மாள் இன்றைக்கும் இதைச் சத்தியம் செய்து சொல்வாள்.

புதுக்கோட்டைக்கும் கந்தர்வக்கோட்டைக்கும் நடுவே மயிலரசி நாள் முழுக்கப் போய் வரும். வழியில் இருக்கிற பெருங்களூர், ஆதனக்கோட்டை சனங்களுக்கெல்லாம் உடையப்பனைத் தெரியும். மூன்று வயசுதான் ஆகிறது என்று தாய் சொல்லும் பிள்ளையின் கன்னத்தைத் தடவி, "கண்ணு எத்தனாப்பு படிக்குது?" என்பார். "மூணாப்பு!" என்று பிள்ளை பெருமையாகச் சொல்லும். தாய் முறைப்பதற்குள் மெஷினிலிருந்து அரை டிக்கெட் கிர்ரென்று வந்துவிடும். பைக்குள் கோழியை ஒளித்துக்கொண்டு ஏறினால், அது மூச்சு விடும் சத்தத்தை வைத்தே நாட்டுக்கோழியா பிராய்லரா என்று சொல்லி லக்கேஜ் போட்டுவிடுவார். மயிலரசியில் டிக்கெட் இல்லாமல் போன உயிர் எதுவும் கிடையாது. கொசு மட்டும் விதிவிலக்கு. அதையும் அவர் முறைத்துத்தான் பார்ப்பார்.

இத்தனை சந்தேகத்துக்கு நடுவே ஒரு பயமும் இருந்தது. மயிலரசிக்கு முன்னால் அவர் வேறொரு பஸ்ஸில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஆள் ஒருவர் வந்து அந்த பஸ்ஸை முன்னால், பின்னால், இடது, வலது என்று நாலு பக்கமும் படம் எடுத்தார். உடையப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்த முகமாகப் படியில் நின்று கொடுத்தார். திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போனால் பஸ் இல்லை. தரையில் ஆயில் சொட்டிய கறை மட்டும் இருந்தது. வாங்கியவர் தன் ஆட்களோடு வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வெகுநாள் ஆதனக்கோட்டையில் முந்திரிக்கொட்டை மூட்டை தூக்கினார் மனிதர். நாலு பக்கமும் படம் எடுத்தால் வண்டி கை மாறப்போகிறது. பஸ் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அதனால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் மயிலரசிக்கு நேர் எதிரே நின்று போனைத் தூக்கியபோது, அவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டார். அவன் முன்பக்கம் எடுத்தான். சுற்றிப் போய்ப் பின்பக்கம் எடுத்தான். மயில் படம் வரைந்த ரெண்டு பக்கவாட்டையும் எடுத்தான். டயரைத் தனியாக எடுத்தான். கடைசியில் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கையும்.

உடையப்பன் ஓடிப்போய் டிரைவர் குழந்தைசாமியின் தோளைப் பிடித்தார்.

"யோவ், வண்டிய விக்கிறாங்கய்யா."

"யாரு?"

"அந்தா போறான் பாரு, கட்டம் போட்ட சட்டை. நாலு பக்கமும் எடுத்துட்டான்."

"மயிலு படம் நல்லாருக்கேன்னு எடுத்திருப்பான். நீ ஒன் நெழலுக்கே டிக்கெட் கேக்குற ஆளு. பொற்கொடி எப்புடித்தான் ஒன்னோட குடும்பம் நடத்துதோ!"

"மயிலு பக்கவாட்டுலதானே இருக்கு? டயர எதுக்கு எடுத்தான்?"

 குழந்தைசாமி பதிலுக்கு ஹாரனை அடித்தார்.

மறுநாள் அதே ஆள் பஸ்ஸிலேயே ஏறிவிட்டான். கந்தர்வக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்து டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தான். சில்லறை சரியாகக் கொடுத்தான். அதுவே உடையப்பனுக்குப் பிடிக்கவில்லை. சரியான சில்லறையோடு வருகிறவன் ஏதோ திட்டத்தோடு வருகிறான் என்பது அவர் கட்சி. டிக்கெட் கிழிக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றார். அவன் போனில் ஒரு பொம்பளைக் குரல் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது.

"பக்கத்துல நின்னு எடுக்காத தம்பி, வளைஞ்சு தெரியும். தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவுன்னு டேப்பு புடிச்சு அளந்துரு. அது ஒண்ணு சரியா இருந்தா மத்தது எல்லாம் அதவச்சே வந்துரும். அடிப்பக்கத்தப் பத்திக் கவலப்படாத, எவனும் குனிஞ்சு பாக்கப் போறதில்ல. அங்கிட்டு இருக்கிறதெல்லாம் எடுத்துப் போட்டுரு, பாரம் கொறையும். நம்பர் பிளேட்ட மட்டும் மறக்காம மாத்திரு."

உடையப்பனின் கையிலிருந்த மெஷின் தானாகவே ஒரு டிக்கெட்டைத் துப்பியது. விற்பனை இல்லை, திருட்டு! அதுவும் பொம்பளை தலைமையில்! அடிப்பக்கத்தைக் கழற்றி, நம்பரை மாற்றி, மயிலரசியை அடையாளம் தெரியாமல் ஆக்கப் போகிறார்கள். கந்தர்வக்கோட்டை வரைக்கும் அவர் அவனுக்குப் பின்னாலேயே நின்றார். உட்காரச் சொன்ன பெரியவர் ஒருவரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

அடுத்த நாள் மத்தியானம், புதுக்கோட்டையில் பஸ் காலியாக நின்ற நேரம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்த உடையப்பன், பின் சக்கரத்தின் பக்கம் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். குனிந்து பார்த்தால் கட்டம் போட்ட சட்டை, கையில் டேப்பு. ஈரக் கையோடு காலரைப் பிடித்து இழுத்தார்.

"யார்ரா ஒன்னய அனுப்புனது?"

"ஐயோ, யாரும் அனுப்பலண்ணே!"

"டேப்பு எதுக்கு?"

"பஸ்ஸு செய்யண்ணே."

"பஸ்ஸு செய்யவா? எந்தப் பட்டறையில?"

"போன்லண்ணே."

கூட்டம் கூடிவிட்டது. குழந்தைசாமி பல் குத்திக்கொண்டே முன் வரிசைக்கு வந்தார்.

அவன் பெயர் ரிஃபாய். கட்டுமாவடிக்காரன். சவூதியில் இருந்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். போனில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அதற்குள் இல்லாத வண்டியை நாமே கம்ப்யூட்டரில் செய்து உள்ளே ஏற்றலாமாம். அதற்கு மோட் என்று பேர். அவன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொடுப்பது அவன் பெரியம்மா மகள் சாமியா. அவள் கட்டுமாவடியில் வீட்டிலிருந்தபடியே இதுவரை ஏகப்பட்ட பஸ்ஸும் லாரியும் செய்திருக்கிறாள்.

"காட்டு" என்றார் உடையப்பன்.

காட்டினான். திரையில் மயிலரசி நின்றது. அதே பச்சை, அதே மயில். கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். ரிஃபாய் ஓட்டிக் காட்டினான். நாலு அடி போவதற்குள் முன் சக்கரம் உருள்வதற்குப் பதிலாக வட்டமடித்துக்கொண்டு வெளியே வந்து உள்ளே போனது.

"நம்ம பஸ்ஸு தண்ணி அடிச்சிருக்குய்யா!" என்றார் குழந்தைசாமி.

"சக்கரத்துக்கு நடுப்புள்ளி சரியா வைக்கலண்ணே. அதான் அளக்க வந்தேன்."

உடையப்பன் சிரிக்கவில்லை. திரைக்குள் பின் படியைத் தேடினார். சனங்கள் ஏறினார்கள், கதவு சாத்தியது, பஸ் கிளம்பியது. விசில் இல்லை. தோளில் பை மாட்டிய ஆள் இல்லை.

"கண்டக்டர் எங்க?"

ரிஃபாய் முழித்தான். "கண்டக்டர்... இல்லண்ணே."

"இல்லன்னா? டிரைவர் இருக்கான், மயிலு இருக்கு, கம்பி இருக்கு. என்னைய மட்டும் யாரு எடுக்கச் சொன்னா? கண்டக்டர் இல்லாம வண்டி ஓடும்னு ஊருக்குக் காட்டுறீங்களாக்கும்? போடு அந்த அம்மாளுக்குப் போன!"

சாமியா எடுத்தாள். பின்னணியில் மீன்காரர் ஏலம் கூவும் சத்தம்.

"அண்ணே, கோவப்படாதீங்க. ஆளு செய்யறது பஸ்ஸு செய்யறத விடக் கஷ்டம். கையி, காலு, தலை எல்லாம் தனித்தனியா அசையணும். புதுசா ஆரம்பிக்கிறவங்க அதுல கைய வச்சா ஆளும் முடியாது, வண்டியும் முடியாது. நான் இவன முழு பஸ்ஸே செய்ய வேணாம்னு சொன்னேன். ஏற்கெனவே இருக்கிற பஸ்ஸுக்குப் பெயின்ட மட்டும் மாத்திப் பழகு, அப்புறம் ஒரு கதவ செய்யி, செஞ்ச ஒடனே ஓட்டிப் பாருன்னேன். எங்க கேட்டான்?"

"நம்பர் பிளேட்ட மாத்தச் சொன்னீங்களே?"

"நெசமான நம்பர ஊரெல்லாம் பாக்குற மாதிரி போடலாமாண்ணே? தப்பில்லையா?"

"அடிப்பக்கம்?"

"அதெல்லாம் வச்சா போனு சூடாகி நின்னுரும். கண்ணுக்குத் தெரியறத மட்டும் செஞ்சாப் போதும்." குரல் திடீரென்று மாறியது. "ஏண்டா ரிஃபாய், வண்டிக்காரங்ககிட்டக் கேட்டுட்டு எடுன்னு மொத நாளே சொன்னேன்ல? கேக்கலியா?"

"இவரப் பாத்தாலே பயமா இருந்துச்சு ராத்தா" என்றான் ரிஃபாய் தன் அக்காளிடம்.

"இதுல ஒங்களுக்கு என்ன வரும்?" என்று கேட்டார் உடையப்பன்.

"ஒண்ணும் வராதுண்ணே. ஆசைக்குச் செய்யறது. யாரு வேணும்னாலும் எடுத்து ஓட்டிக்கலாம்."

அதுவரை பாதி நம்பியிருந்த மனிதர் அந்தப் பாதியையும் அங்கேயே கைவிட்டார். மெனக்கெட்டுச் செய்து, ஒன்றும் வாங்காமல், யார் எவர் என்று தெரியாதவருக்குப் பஸ்ஸைத் தூக்கிக் கொடுக்கிறார்களாம்! ரிஃபாயின் மணிக்கட்டைப் பிடித்தார். "வா, மொதலாளியம்மாகிட்டப் பேசிக்கலாம்." வேடிக்கை முடியவில்லை என்று குழந்தைசாமியும் பின்னால் வந்தார்.

மயிலரசியின் முதலாளி பிரகதாம்பாள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஆபீஸ் வைத்திருந்தார். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக வண்டியை நடத்துகிறவர்.

"அம்மா, இவன் நம்ம வண்டிய நாலு பக்கமும் படம் எடுக்கிறான், அளக்கிறான். வண்டிய விக்கத்தான்—"

"வசந்தகுமார் அதுக்குள்ள ஆள அனுப்பிட்டானா?" என்று எழுந்துவிட்டார் அந்த அம்மாள். "மாசம் பொறக்கட்டும், நானே சொல்லிக்கிறேன்னு சொன்னேனே அவன்கிட்ட!"

சொல்லிய பிறகுதான் நாக்கைக் கடித்தார்.  ரிஃபாய் தன் மணிக்கட்டு விடுபட்டதை உணர்ந்தான்.

"அப்ப... விக்கிறீங்களாம்மா?" என்றார் உடையப்பன்.

பிரகதாம்பாள் உட்கார்ந்தார். "எனக்கு முடியல உடையப்பா. அறந்தாங்கிப் பக்கம் நாலஞ்சு வண்டி ஓட்டுறான் வசந்தகுமார். ரூட்டோட கேட்டான். ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான்..." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் வண்டியில எல்லாம் டிரைவரே டிக்கெட் குடுத்துருவாராம்."

வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்ட மனிதருக்கு அந்த நிமிஷம் அது அப்படியே பலித்துவிட்டது. தோளில் தொங்கிய பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முந்திரிக்கொட்டை மூட்டையின் கனம் முதுகில் ஏறி உட்கார்ந்தது போலக் குனிந்து நின்றார்.

"டிரைவரே குடுப்பாரா? எந்த டிரைவரு?" என்றார் குழந்தைசாமி.

"நீதான்."

"நானா? எனக்குக் கண்ணு மூஞ்சியில இருக்கும்மா, முதுகுல இல்ல. பின் படியில எத்தன புள்ளைக தொங்குதுன்னு இந்தாளு சொன்னாத்தான் எனக்குத் தெரியும். பாதி வழியில நான் சில்லறை எண்ணிக்கிட்டு இருந்தா வண்டி ஆதனக்கோட்டை முந்திரித் தோப்புக்குள்ள போயி நிக்கும். ரெட்டை விசில் கேக்காம எங் காலு கிளச்ச விடாது." சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "வித்தா ரெண்டு பேரையும் சேத்து வித்துருங்க. இல்லன்னா சாவி இந்தா."

கனரக லைசென்ஸ் உள்ள டிரைவர் கிடைப்பது எவ்வளவு பாடு என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். பிரகதாம்பாள் சாவியைப் பார்த்தார், பிறகு வசந்தகுமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வசந்தகுமார் முதலில் இழுத்தார், அப்புறம் இருமினார், கடைசியில், "சரி, அந்த ரூட்டுக்கு மட்டும் கண்டக்டர் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"ஐயா, சத்தம் சரியாக் கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் உடையப்பன், ரிஃபாயைச் சாட்சிக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு.

வசந்தகுமார் மறுபடியும் சொன்னார்.

படியிறங்கும்போது ரிஃபாய் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, நான் பஸ்ஸ முடிச்சுக்கலாமா?"

"முடிச்சுக்க. ஆனா பின் படி ஓரத்துச் சீட்டு கண்டக்டரோடது. ஆளு செய்யத் தெரியலன்னா சீட்டக் காலியா விடு. ஒரு பய அதுல உக்காரக் கூடாது." ரிஃபாய் தலையாட்டிவிட்டு, வண்டிக்கு வந்ததும் டேப்பை நீட்டினான். உடையப்பனே குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார், மறுமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. குழந்தைசாமி ஏறி உட்கார்ந்தார். உடையப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யோவ், நீ எதுக்கு எனக்காகப் பேசுன?"

"ஏன், பேசக் கூடாதா?"

"என்ன வேணும் ஒனக்கு? நேராச் சொல்லிரு."

"விசில அடிய்யா, நேரமாச்சு!"

ரெட்டை விசில் அடித்தார். பஸ் கிளம்பியது. ஆனால் அன்றைக்கு அவர் கண் டிரைவரின் முதுகைவிட்டு நகரவே இல்லை. அந்த டிரிப்பில்தான் பெருங்களூரில் ஏறிய ஒருவர் ஆதனக்கோட்டையில் டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் போனார். மயிலரசியின் சரித்திரத்திலேயே அவர் ஒருத்தர்தான். ஊருக்குள் அந்த ஆளுக்கு இன்னும் மரியாதை குறையவில்லை.