புழு வைத்த கத்தரிக்காய்

தொண்ணூறுகளின் கடைசியில், நான் முழுகாமல் இருந்தபோது, கத்தரிக்காய்க்காக உயிரை விட்டேன். என் வீட்டுக்காரரோ அதை வாசலிலேயே மறித்துவிடுவார். இத்தனைக்கும் அவர் வைத்தியர் இல்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார்.

டப்பாவோடு வரும் பொடி எழுத்துத் தாளைப் பத்து வருஷமாகக் கிழித்துப் பொட்டலம் கட்டியவர், எனக்கு நாள் தள்ளியதும் கண்ணாடி போட்டுக்கொண்டு முதன்முறையாக அதைப் படித்தார். வந்தது வினை. கடையில் "அடிங்க, ஒரு புழு இருக்காது" என்று விற்ற அதே மனிதர், மார்க்கெட்டில் பளபளப்பான காயைக் கண்டால் இரண்டடி பின்வாங்கினார். விற்கிறவர்கள் எல்லாம் அவருடைய வாடிக்கைக்காரர்கள்தானே!

"முந்தாநேத்துதான் டப்பா வாங்கிகினு போனான், இன்னிக்கு காய் பறிச்சிகினு வந்துட்டான். வயித்துல கீற புள்ளைக்கு இப்பதான் மூள வளருது. வேணாம்."

சேப்பங்கிழங்கும் முருங்கைக்கீரையும் தின்று தின்று எனக்கு நாக்கு செத்துப்போனது. அவர்மேல் அப்படி ஒரு கோபம்.

ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். வெம்பாக்கம் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு மஞ்சப்பையை நீட்டினார்.

"தங்கச்சிக்குக் குடுங்க. எங்க வூட்டுக்குன்னு வச்சிகீற நாலு செடிக்கு மருந்து அடிக்கிறதில்ல."

பையைக் கொட்டினால் கத்தரிக்காய், அதில் பாதி புழு. புழுவைப் பார்த்து அப்படிப் பூரித்துப்போன பூச்சிமருந்துக்காரரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

"எங்க மருமவளும் ஆறு மாசம். அவளுக்கும் இதான் குடுக்கறோம்" என்றார் விவசாயி பெருமையாக. "ஆனா சும்மா குந்தமாட்டா. மருந்து கலக்கறதெல்லாம் அவதான். வெறுங்கையாலயே கலக்கிடுவா."

என் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. என்னையும் அறியாமல் என் கை வயிற்றுக்குப் போனது.

அன்று குழம்பு வைத்தேன். அத்தனை நாள் ஏங்கியது, இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து, டப்பாவைக் கையில் கொடுக்குமுன் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "வூட்ல யாராவது முழுகாம கீறாங்களா?" பாதிப்பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எகிறிவிட்டார்.

"கண்ணாலமே கட்டாத ஆளுகிட்ட கேக்கற கேள்வியா இது?"

"செரி, மருந்து கலக்கறது யாரு?"

"கூலிக்கு வர்ற பொண்ணு."

"அதுக்கு எத்தினி மாசம்?"

பெரியவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இவர் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.