மஞ்சுளா திறந்து வைத்த டேப்லெட்

இதை எழுதுவதற்கு முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். மஞ்சுளாவை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த நினைவு மலரைப் படிப்பீர்கள். அவள் அம்மா, அண்ணன், கெலமங்கலத்துத் தோழிகள், எங்கள் அலுவலகத்தில் அவளோடு சிரித்துப் பேசியவர்கள். நான் பேசுவதே குறைவு. சிங்காரப்பேட்டையில் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால் மனு எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குமேல் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் மஞ்சுவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அங்கிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று காலை ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே கம்பெனி வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. என் கைபேசி அடித்தது. திரையில் 'மஞ்சு' என்று வந்தது. எங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்பாள் என்று நானே முந்திக்கொண்டேன். "வந்துட்டன் மஞ்சு, பஸ்ஸ்டாண்டுல எறங்கிட்டன். டீ சொல்லு."

மறுமுனையில் ஓர் ஆண் குரல். "நான் மஞ்சு அண்ணன் பேசறம்மா."

பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. "ராயக்கோட்டை ரோட்டுல வண்டி சறுக்கிடுச்சும்மா. மஞ்சு இல்ல."

என்னை ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டி என்னை விட்டுவிட்டுப் போயிற்று. அந்த எண்ணிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பு வந்ததில்லை. ஆனால் கூட்டத்தில் யாருடைய கைபேசியாவது அதே மணியில் அடித்தால் என் கை இன்னும் பைக்குள் போகிறது.

துக்க வீட்டில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். "அது என்னா வேலம்மா செஞ்சா எம்பொண்ணு? கேட்டா, டேப்லெட்ட ஒடைக்கறன்மான்னுவா. ஒடைக்கறதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுப்பானா?" அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன், அம்மா.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வருகைப் பதிவு, விடுப்பு, ஷிப்டு மாற்றம் எல்லாம் இப்போது டேப்லெட்டில் ஓடும் செயலிகள் வழியாகத்தான். அந்தச் செயலிகளுக்குள் திருடன் புக முடியுமா என்று முன்கூட்டியே புகுந்து பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. கடையில் வாங்கும் டேப்லெட்டில் சில அறைகளைச் செய்தவர்களே பூட்டி வைத்திருப்பார்கள். வாங்கினவருக்கும் அங்கே அனுமதி கிடையாது. அந்தப் பூட்டுகளை எடுத்து, எல்லா அறைக்கும் போகும் உரிமையை நம் கைக்குக் கொண்டுவருவதைத்தான் 'ரூட்' செய்வது என்கிறோம். உங்கள் மகள் உடைக்கவில்லை. திறந்தாள். எங்கள் அலுவலகத்தில் அதை அவளைப்போல் பொறுமையாகச் செய்தவர்கள் இல்லை.

தொடக்கத்திலேயே பொறுமை இருந்தது என்று சொன்னால் அவளே சிரிப்பாள். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் டேப்லெட்டைச் சேர்ந்துதான் திறந்தோம். கேபிளை மாட்டினோம், பூட்டை எடுத்தோம், உள்ளிருந்ததெல்லாம் அழிந்தது, அதுவரை சரி. அதன்பின் டேப்லெட் கண் விழிக்கும்போது ஓடுகிற கோப்பைத் திருத்தி உள்ளே அனுப்ப வேண்டும். நாங்கள் அனுப்பியது அதே மாடலின் வேறொரு பதிப்புக்கான கோப்பு. டேப்லெட் கம்பெனி முத்திரையைக் காட்டும், அணையும், மறுபடி முத்திரையைக் காட்டும். மத்தியானம் முழுக்க அதையே செய்தது. எங்கள் மேலாளர் பிரபு சார் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, செங்கல்லா பண்ணிட்டீங்களா? இன்னும் நாலு பண்ணுங்க, சுவர் வச்சுடலாம்."

இனி எழாத கருவியை எங்கள் தொழிலில் செங்கல் என்பார்கள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. மஞ்சு தலையைத் தூக்கவே இல்லை. "சிமெண்ட்டு நீங்க வாங்குங்க சார். சுவர நாங்க எழுப்பறோம்."

சாயங்காலம் சரியான பதிப்பைத் தேடி எடுத்து அனுப்பினாள். டேப்லெட் எழுந்தது. "ஆய்த்து" என்றாள். அவள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். ஆனால் ஒரு வேலை முடிந்தால், முடிந்தது என்பதை மட்டும் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வாள்.

பூட்டெடுத்த டேப்லெட் ஒவ்வொரு முறை எழும்போதும் திரையில் ஓர் எச்சரிக்கை காட்டும், இந்தக் கருவியை நம்ப வேண்டாம் என்று. மஞ்சு அதைப் பார்த்து, "நான் இருக்கறன் இல்ல, நீ எழுந்து வா" என்பாள். செயலி வெளியே அனுப்பும் தகவலை நடுவில் நின்று படிக்க, நாங்களே ஒரு சான்றிதழ் தயாரித்து டேப்லெட்டுக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் அதற்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைப்பார்கள். அவள் 'மஞ்சுளா, கெலமங்கலம்' என்று வைத்தாள். உலகத்துப் பெரிய நிறுவனங்களின் பெயர்களுக்கு நடுவில், நம்பத் தகுந்தவர்கள் பட்டியலில், அவள் பெயரும் ஊரும் இருக்கும்.

"ஏண்டி இப்படி?" என்று கேட்டேன்.

"யார் எட்டிப் பாக்கறாங்கன்னு தெரிய வேணாமா? திருடன்தான் பேரு வைக்க மாட்டான்."

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஒரு டேப்லெட்டைத் திறந்தால் அதன் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திறந்தவர் பெயரை எழுத வேண்டும். சோதனை முடிந்ததும் அதே ஆள் உள்ளிருப்பதை முழுக்க அழித்து, பழைய பூட்டைப் போட்டு, ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும். உள்ளே இருந்த எதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "தெறந்தவங்கதான் மூடணும். அடுத்தவங்க வூட்ட தெறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போவியா?" என்பாள்.

கடைசியாக வந்தது ஒரு தொழிற்சாலையின் விடுப்புச் செயலி. பெயர் வேண்டாம். பெண்கள் நிறைய வேலை செய்யும் இடம். சோதனைக்குப் பொய்ப் பெயர்கள் கொண்ட கணக்கைத் தருவதுதான் முறை. அவர்கள் அவசரத்தில் நிஜக் கணக்கையே கொடுத்துவிட்டார்கள். அது எங்களுக்குத் தெரியாது. மஞ்சு டேப்லெட்டைத் திறந்து, செயலியை ஏற்றி, அந்தக் கணக்கில் நுழைந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கோப்பைத் திறந்தவள் சட்டென்று டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"கலை, இத நான் பாத்துக்கறன். நீ அந்த பேங்கு வேலையப் பாரு."

"ஏன், ரெண்டு பேரும்தானே…"

"சொல்றன் இல்ல. போ."

அதுவரை அவள் அந்தக் குரலில் என்னிடம் பேசியதில்லை. எனக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிட்டாள், அல்லது பெயரைத் தனியாக வாங்க நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. டீக்குக் கூப்பிட்டபோது தலைவலி என்றேன். "சரி, தலைவலிக்கும் டீதான்" என்று ஒரு கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கண்டுபிடித்தது என்ன என்பது அந்தத் தொழிற்சாலைக்காரர்களோடு நடந்த கூட்டத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்காது என்பதால், எல்லாப் பெண்களின் விடுப்பு விவரத்தையும் அந்தச் செயலி ஒவ்வொரு சூப்பர்வைசர் டேப்லெட்டிலும் இறக்கி வைத்துக்கொள்கிறது. இறக்கியதைப் பூட்டுவதில்லை. விடுப்புக்கான காரணமும் அதில் இருக்கிறது. என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, கரு நின்றதா கலைந்ததா, கை ஏன் வீங்கியிருக்கிறது, எல்லாம்.

அவர்கள் தரப்பில் ஒருவர் சிரித்தார். "எங்க கம்பெனிக்குள்ள யாருங்க டேப்லெட்ட ரூட் பண்ணப் போறா?"

"நான் பண்ணனே சார்."

"நீங்க பண்ணுவீங்க மேடம், அதுக்குத்தானே கூப்பிட்டோம். எங்க சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பே தடவுது."

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுவும் சிரித்தாள். பிறகு கேட்டாள். "பழசான டேப்லெட்டு எல்லாம் எங்க சார் போவுது?"

"ஸ்க்ராப்புக்கு."

"எங்க ஊரு சந்தையில அதத்தான் சார் விக்கறாங்க. வாங்கறவன் எல்லாருக்கும் வாட்ஸாப் மட்டும்தான் தெரியும்னு சொல்ல முடியுமா?"

பார்க்கலாம் என்று முடித்தார்கள். அதற்கடுத்த வாரம்தான் அவள் அண்ணன் என்னை அழைத்தார்.

காரியம் முடிந்து நாங்கள் வேலைக்குத் திரும்பியபோது அந்த டேப்லெட் அலமாரிக்குள் சார்ஜில் கிடந்தது. முதுகில் அவள் கையெழுத்தில் அவள் பெயர். யாரும் தொடவில்லை. திறந்தவள்தானே மூட வேண்டும். அலமாரி பூட்டியிருந்தது, உள்ளிருந்து அவ்வப்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது எல்லோரும் நிமிர்ந்து அவள் நாற்காலியைப் பார்த்தோம். கணினியைத் துடைக்க வந்த அக்கா, "அந்தப் பொண்ணு கூப்புடுதும்மா" என்று சொல்லி, பிறகு அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். டேப்லெட் இன்னும் அந்தக் கணக்கிலிருந்து வெளியே வரவில்லை. தொழிற்சாலையில் யாரோ ஒரு பெண் விடுப்புக் கேட்கிறாள். கேட்பதற்குக் காரணம் எழுதுகிறாள். அது இங்கே, செத்துப்போனவள் பெயர் ஒட்டிய டேப்லெட்டில் வந்து விழுகிறது. சத்தம் வரும்போதெல்லாம் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைப்பேன். ஷிப்டு மாறும் நேரத்தில் அதிகமாக வரும்.

பிரபு சார் ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "கலை, நீதானே அவகூட உக்காந்திருந்த. அத மூடிடும்மா. கேக்க முடியல."

மூடுவதற்கு முன், அறிக்கைக்கு வேண்டிய குறிப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது முறை. டேப்லெட்டை எழுப்பினேன். நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. சான்றிதழ் பட்டியலில் அவளும் அவள் ஊரும் இருந்தார்கள். அன்று அவள் கவிழ்த்து வைத்த கோப்பைத் திறந்தேன். கொஞ்சம் கீழே போனதும் எனக்கு மிக நெருங்கிய ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் சிங்காரப்பேட்டை என்றும் இருந்தது. காரணமும் இருந்தது. அது என்னிடம்கூட அவள் சொல்லாதது.

அவள் யார், என்ன எழுதியிருந்தாள் என்று இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் மஞ்சு கவிழ்த்து வைத்ததை நான் நிமிர்த்தி வைத்தது போலாகும். ஒன்று மட்டும் சொல்லலாம். நான் மஞ்சுவோடு சரியாகப் பேசாத அந்த வாரம், அவள் ஒப்பட்டு என்கிற போளி சுட்டு எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போய், மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சிரிக்க வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஏன் வந்தாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உங்க தோழி நல்லாப் பேசறா என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள்.

டேப்லெட்டில் இன்னொன்றும் இருந்தது. செயலி நமக்குத் தெரியாமல் பேச்சைப் பதிவு செய்கிறதா என்று பார்க்க அவள் தானே பேசிப் பதிந்த ஒரு சிறு ஒலிக்கோப்பு. "ஹலோ, ஹலோ. மஞ்சுளா பேசறன். கேக்குதா? யாராச்சும் கேக்கறீங்களா?" அவ்வளவுதான். பின்னால் என் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. வேறு வேலையில் இருந்திருக்கிறேன்.

அதை என் கைபேசிக்கு அனுப்பிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. அவள் அம்மாவுக்காவது கொடுத்திருக்கலாம். அம்மா, உங்களிடம்தான் இதற்கு அதிகமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். உள்ளிருப்பதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னது உங்கள் மகள். அந்தப் பெண்கள் எழுதிய எல்லாவற்றோடும் அவள் குரலும் அழிந்தது. பூட்டைப் போட்டேன். ஸ்டிக்கரைக் கிழித்தேன். 'ஆய்த்து' என்று சொல்லிப் பார்த்தேன்; என் வாயில் அது சரியாக வரவில்லை. அலமாரி இப்போது அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருக்கிறது. இங்கே சத்தம்தான் நின்றிருக்கிறது. அங்கே சூப்பர்வைசர்களின் டேப்லெட்டுகளில் எல்லாம் அப்படியேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மஞ்சுவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: பார்த்துவிட்டதைக் கவிழ்த்து வைத்த அந்தக் கை, வைத்த பிறகும் அதை மறந்துவிடாத அந்த மனசு.

கடைசியாக ஒன்று. இது பிரபு சாருக்கு. கூட்டத்தில் எனக்குக் குரல் வராது என்று உங்களுக்குத் தெரியும் என்பதால் எழுதிக் கேட்கிறேன். அந்தக் கண்டுபிடிப்பை அறிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொல்லித் தொழிற்சாலைக்காரர்கள் கேட்டிருப்பதும், கண்டவளே இல்லாதபோது யார் போய் வாதாடுவது என்று நீங்கள் தயங்குவதும் எனக்குத் தெரியும். எடுக்காதீர்கள், சார். அவள் பெயரிலேயே போகட்டும். அவர்கள் கையால் ஒரு டேப்லெட்டைக் கொடுக்கட்டும், அவர்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டுகிறேன். அவர்களோடு நடக்கும் அடுத்த கூட்டத்துக்கு என்னை அனுப்புங்கள். நான் பேசுகிறேன்.