பிரசவ அறைக்கு வெளியே நின்ற அக்கா

சுனாமி வந்துபோன அடுத்த கோடை அது, 2005-ஆம் வருடம். மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாருகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எனக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு தினமும் பஸ் ஏறி, குயிலாப்பாளையத்தில் ஒரு தையல் கூடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். துணிப்பைகளும் தலையணை உறைகளும் தைக்கிற இடம். "வீட்ல இருந்தா என்னா?" என்று கேட்காத ஆள் இல்லை. வீட்டில் இருந்தால் யோசனை வரும், யோசனை வந்தால் பயம் வரும். அதற்குத் தையல் மெஷின் சத்தமே தேவலை என்று போய்விடுவேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்பு ஒரு குழந்தையை இழந்திருந்தேன். வேறொரு ஊர், வேறொரு ஆஸ்பத்திரி. வலி எடுத்து உள்ளே போன பிறகு என்னோடு யாரையும் விடவில்லை. சுவரைப் பார்த்தபடி தனியாகக் கிடந்தேன். பிறந்த குழந்தை அழவே இல்லை. யார் மேலும் தப்பில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடும் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்கிற நேரத்தில் எனக்கென்று பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு என் மாமியாரும் என் கிட்டே வரவில்லை. நல்லது கெட்டது எதுவும் பேசவில்லை. எனக்கு அம்மா கிடையாது. அம்மா இடத்தில் இருக்கிற மாமியாரும் இப்படி இருக்கிறாரே, என்னை ராசியில்லாதவள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வேன், அதோடு சரி. ஒரே வீட்டுக்குள் இரண்டு குடித்தனம் மாதிரி இருந்தோம்.

மறுபடி உண்டானதும் கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "செக்கப்புக்கு வேணா வர்றேன். பிரசவத்துக்கு மட்டும் ஆஸ்பத்திரி வேணாம். என்னா ஆனாலும் வீட்லயே ஆவட்டும்." அவர் உப்பு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். பாவம், எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தையல் கூடத்துக்கு வந்துபோகிற ஒரு அக்கா பழக்கமானார். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அந்தப் பக்கம் குடியிருக்கிற வெளிநாட்டுப் பெண்கள் பிரசவத்துக்குப் போகும்போது, தமிழில் பேசிச் சொல்லத் துணையாகப் போய்ப் போய், அவர்களில் ஒருவரிடமே அந்த வேலையை முறையாகக் கற்றுக்கொண்டவர். அந்த வேலைக்கு டூலா என்று பெயராம். நான் அந்த வார்த்தையை அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. பிரசவம் பார்க்கிறவர் என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து பார்த்துவிடுங்கள் என்று கேட்டேவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல, மருத்துவச்சியும் இல்லம்மா. புள்ளைய எடுக்கறது என் வேலை கெடையாது. உனக்கு ஒரு தடவ அப்படி ஆயிருக்குது. நீ ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்" என்றார்.

"அப்ப நீங்க எதுக்குக்கா?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"நீ தனியா கெடக்காம பாத்துக்கறதுக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போன தடவை உனக்கு எது ரொம்பப் பயமாக இருந்தது என்று அவர்தான் முதல்முதலில் கேட்டார். அதுவரை டாக்டர், நர்ஸ், சொந்தக்காரர்கள், ஏன் என் கணவர்கூடக் கேட்டதில்லை. மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் ஆறுதல் எதுவும் சொல்லாமல் முழுவதையும் கேட்டார். நான் உன்னோடு வருகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வலி வரும்போது எப்படி மூச்சை மெதுவாக விடுவது, எப்படிக் கட்டிலைப் பிடித்துச் சாய்ந்து நிற்பது, எப்போது நடப்பது என்று காட்டிக் கொடுத்தார். டாக்டரிடம் கேட்க வேண்டியதை என்னையே கேட்க வைத்தார். ஒருநாள் அரசு ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போய், வார்டு எது, பாத்ரூம் எது என்று காட்டிவிட்டு வந்தார். பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை விடுவது அப்போதுதான் அங்கே வழக்கத்துக்கு வந்திருந்தது. என் கணவருக்கு இடுப்பை அழுத்திவிடக் கற்றுக் கொடுத்தபோதுதான் வேடிக்கை. லோடு லாரியைச் சர்வசாதாரணமாகத் திருப்புகிற மனுஷன், என் இடுப்பில் கை வைக்க வெட்கப்பட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

மாமியார் இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று பார்ப்பார், உள்ளே வர மாட்டார். ஒருநாள் மகனிடம் கேட்கிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கல்யாணமே கட்டாத பொம்பளைக்கு இதப் பத்தி என்னா தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. அக்காவோ வாய்விட்டுச் சிரித்தார். "தெரியாததுனாலதாம்மா பெத்தவங்க கிட்டலாம் கேட்டுக் கேட்டு கத்துக்கினேன். உங்க கிட்டயும் ஒருநாள் வந்து கேக்கணும்" என்றார். மாமியார் அடுப்படிக்குள் போனார். அன்றைக்கு அக்காவுக்கு டீ வந்தது.

வலி எடுத்தது ஒரு காலை நேரம். கணவர் பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். பக்கத்து வீட்டம்மா போன் பூத்துக்கு ஓடி அக்காவுக்குச் சொன்னார். அக்கா ஆட்டோவோடு வந்து சேர, உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த மாமியாரும் சேதி கேட்டு ஓடி வந்தார். முழங்கால் வரை உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கால்கூடக் கழுவாமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, வழிநெடுக கீழ்புத்துப்பட்டு அய்யனாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் அக்காவின் முந்தானையை விடவில்லை.

பிரசவ அறை வாசலில் ட்யூட்டி சிஸ்டர் எங்களை நிறுத்தினார். "ஒருத்தர்தான் உள்ள வரலாம். சொந்தக்காரங்களா இருக்கணும், புள்ள பெத்தவங்களா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கு எத்தினி பசங்க?"

"எனக்கு இல்லீங்க சிஸ்டர். நான் சொந்தமும் இல்ல" என்றார் அக்கா.

"அப்ப அந்தம்மா வரட்டும்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன், ஆட்டோவைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். பழைய பயம் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டது. இவரோடு உள்ளே போவதும் ஒன்றுதான், தனியாகப் போவதும் ஒன்றுதான் என்று என் மாமியார் எதிரிலேயே சொல்லிவிட்டேன். வலியில் வாய்க்குப் பூட்டு ஏது?

அக்கா சிஸ்டரிடம் வாதாடவில்லை. பொய்யாக ஒரு உறவு சொல்லிக்கொண்டு உள்ளே வரவும் பார்க்கவில்லை. என் மாமியார் பக்கம் திரும்பி, "நீங்க போங்கம்மா" என்றார்.

மாமியார் பின்னால் நகர்ந்தார். "நானா? வேணாம்மா. என் கையப் பாரு" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். உப்பு தின்று தின்று வெடித்த கைகள், வெடிப்புக்குள்ளே ரத்தம் கட்டியிருந்தது. "இத்த வச்சிக்கினு அவளத் தொட்டா தோலு கீறிடும். அன்னிக்கி புள்ள போயி அவ அழுதப்பக்கூட, தலையத் தடவிக் குடுக்கலாம்னு கிட்ட போயிட்டு, பயந்துனு திரும்பி வந்துட்டேன். தொட்டா என்னா சொல்லுவாளோ, யாருக்குத் தெரியும்?"

எனக்கு அடுத்த வலி வந்தது. அதற்குள் அவர் சொன்னது காதில் விழுந்துவிட்டது. இத்தனை நாளும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த மனுஷி என்ன சொல்கிறார் என்று வலியிலும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய் புட்டியை எடுத்தார். மாமியாரின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லித் துடைத்து, தானே எண்ணெய் தேய்த்துவிட்டார். பிறகு அந்த வராண்டாவில், அத்தனை பேர் பார்க்க, முதுகைக் காட்டிக் குனிந்து நின்றுகொண்டு, "என் இடுப்ப அழுத்துங்க, இங்க, இன்னும் பலமா" என்றார். மாமியார் அழுத்தியதில் அக்கா இரண்டடி முன்னால் போய்ச் சுவரைப் பிடித்தார். "அம்மாடி! இந்த பலம்தாம்மா வேணும்" என்றார். வராண்டாவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அழாதன்னு மட்டும் சொல்லாதீங்க. தண்ணி குடுத்துனே இருங்க. அவ கேக்கற வரைக்கும் கைய எடுக்காதீங்க. நான் ஜன்னலாண்ட இருக்கேன்" என்று சொல்லி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே அனுப்பினார்.

உள்ளே நடந்ததை எப்படிச் சொல்வது? வருஷக்கணக்காக உப்பு வாரிய கைகள் அவை. வலி வரும்போதெல்லாம் என் இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தார். நான் திட்டினேன், கடித்தேன்கூட. "நான் எங்கியும் போவல, நான் எங்கியும் போவல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கையை எடுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, முட்டி போட்டு நிக்கறேன்றாளே, நிக்கலாமா?"

வெளியிலிருந்து பதில் வந்தது. "அத்த சிஸ்டரக் கேளுங்கம்மா!"

சிஸ்டருக்கே சிரிப்பு. "நில்லுமா, நில்லு" என்று அவரும் வந்து பிடித்துக்கொண்டார்.

குழந்தை பிறந்தது. சத்தம் வரவில்லை. மாமியார் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். இரண்டு பேருமே மூச்சு விடவில்லை. பிறகு வீல் என்று ஒரு சத்தம் வந்தது. பெண் குழந்தை. என்னைவிட மாமியார்தான் அதிகமாக அழுதார். எண்ணெயும் கண்ணீருமாக என் முகம் முழுக்கத் தடவினார். தோல் கீறவில்லை. கீறியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

வார்டுக்கு மாற்றிய பிறகு அக்காவை உள்ளே விட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் நேராகக் குழந்தையைப் பார்க்கப் போனார்கள். அவர் என்னிடம் வந்து, "எப்படிம்மா இருக்கற? ஏதாவது குடிச்சியா?" என்று கேட்டார். அடுத்து என் மாமியாரிடம் திரும்பி, "காலைலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்புடலையே" என்று கையோடு கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போன இருவரும் திரும்பி வர வெகுநேரம் ஆனது. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் குழந்தையைப் பார்க்க வந்தபோது அக்காவிடம் கேட்டேன். இத்தனை நாள் கூடவே இருந்துவிட்டு, அன்றைக்கு உங்களை வெளியே நிறுத்தியது வருத்தமாக இல்லையா என்று. குழந்தையின் கால்விரலைத் தடவிக்கொண்டே சொன்னார். "இருந்துது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் நாலு நாளு இருப்பேன், அப்பறம் வேற வீட்டுக்குப் போயிடுவேன். அவங்க தினமும் உன்னோட இருக்கறவங்க இல்லையா?"

அவர் அப்படித்தான் வேறு வீடுகளுக்குப் போனார். எங்கள் வீட்டில் நானும் மாமியாரும் அதன் பிறகு போடாத சண்டை இல்லை, ஆனால் பேசாமல் இருந்த நாள் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒருவருக்குத் துணையாக இருப்பது என்றால், நாம் கிளம்பிப் போன பிறகும் அவர்கள் தனியாக இருக்காதபடி பார்த்துவிட்டுப் போவது என்பதை, என் பிரசவத்தை எட்டிக்கூடப் பார்க்காத அந்த அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன்.