பித்தம் இருக்கா?

கணக்கெடுக்கிற வேலையில, கதவைத் திறக்க வைக்கிறதுதான் கஷ்டம்னு நினைச்சேன். திறந்த பிறகுதான் இருக்கு கூத்தே! கேள்வித்தாளோட வீடு வீடா அலைஞ்சவங்களுக்கு என் பாடு புரியும். கல்லீரல்ல பித்தம் போற சின்னக் குழாய்கள் வருஷக்கணக்கா மெல்ல மெல்லக் கெட்டுப்போற ஒரு நோய், அது யாருக்கு இருக்குன்னுதான் கணக்கு. சில வெளிநாடுகள்ல கொஞ்சம் அதிகமாம், நம்ம பக்கம் அபூர்வமாம். நிஜமாவே அபூர்வமா, இல்ல யாரும் தேடலையான்னு எங்க டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். அதுக்கு மைசூர்ல அலைய நான் கிடைச்சேன்.

ஊருக்கே பித்தம்

முதல் நாள், "பித்தத் தொந்தரவு உண்டா?"ன்னு கேட்டேன். தமிழோ கன்னடமோ, தலை சுத்தினாலும் பித்தம்தான், புளிச்ச ஏப்பம் வந்தாலும் பித்தம்தான். போன வீடெல்லாம் 'ஆமாம்'. அபூர்வ நோய் ஒரே தெருவுல கொட்டிக் கிடக்கு! தாளைப் புரட்டின டாக்டரம்மா கேட்டாங்க: "ஏம்மா, எல்லாருக்கும் இஞ்சிக் கஷாயமும் போட்டுக் குடுத்துட்டு வந்தியா?"

மாத்தின கேள்வி

அப்புறம், "தடிப்பு இல்லாமலே உடம்பு அரிக்குதா? ஓய்வெடுத்தாலும் அசதி போகலையா?"ன்னு மாத்தினோம். பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணத்துல ரிட்டயரான ரயில்வேக்காரர் ஒருத்தர் கையைச் சொறிஞ்சார். ஆவலா பேனாவை எடுத்தேன். அவர் சொன்னார்: "எழுதாதேம்மா, நீ கேட்டதுல இருந்துதான் அரிக்குது."

ஒண்ணு

தேவராஜ மொஹல்லாவுல பூக்கட்டுற செல்விக்கு ரெண்டு வருஷமா அரிப்பு. பூ ஒத்துக்கலைன்னு செவ்வந்தியை விட்டா, சோப்பை மாத்தினா, ஒண்ணும் கேட்கலை. ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன். கல்லீரல்னதும் பதறிப்போய், "ஐயையோ, காபியைத் தவிர நான் எதையும் குடிக்கிறதில்லக்கா! மாமியார் என்ன நினைப்பாங்க?"ன்னா. இது குடியால வர்ற நோய் இல்லன்னு மாமியார்கிட்டயே போய்ச் சொல்லி, அவளைக் கூட்டிட்டு வந்தேன்.

முடிவு வந்தது. அதேதான். சீக்கிரமே தெரிஞ்சதால மாத்திரையில கட்டுப்படுத்தப் பார்க்கலாம்னாங்க டாக்டரம்மா. இத்தனை நாளும் பூஜ்யமாவே எழுதின 'நோய் உறுதியானவங்க' கட்டத்துல முதல் தடவையா 'ஒண்ணு' போட்டேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்தது. சீ, என்ன புத்தி இது! எதிர்ல செல்வி உட்கார்ந்திருக்கா. எட்டி அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டு என் கையைப் பிடிச்சா: "நான் மட்டும் தனியா இருக்கேனேக்கா. இன்னும் நல்லாத் தேடுங்க, யாராவது இருப்பாங்க."

அதனால மைசூர்ல யாராவது வந்து கதவைத் தட்டி "அரிக்குதா?"ன்னு கேட்டா கோவிச்சுக்காதீங்க, செல்விக்குத் துணை தேடிக்கிட்டிருக்கேன்.